அரைக்காசு அம்மன் கணக்கு

திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்றும் ஒரு பெயர் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் அவள் உருவம் பொறித்த சின்னஞ்சிறு செப்புக்காசை அடித்து, நவராத்திரியில் அரிசியோடு தானமாகக் கொடுத்து வந்தது. அம்மன் காசு 20 சேர்ந்தால் ஓர் அணா. வெள்ளைக்காரனுடைய தம்பிடியோ 12 சேர்ந்தால் ஓர் அணா. ஆகவே காலணாவுக்குக் கறிவேப்பிலை வாங்கினால் 3 தம்பிடி கொடுக்கலாம், அல்லது 5 அம்மன் காசு. சில்லறை இரண்டும் கலந்து கிடக்கும் சுருக்குப்பையோடு கடைத்தெருவுக்குப் போன பாட்டிமார்களுக்குத் தினம் ஒரு பரீட்சைதான். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. 1957-ல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று வந்து அணாவும் போயிற்று. கணக்கு மட்டும் போகவில்லை.

எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் ஒரு பெண் வருவாள். எட்டாம் வகுப்பு. தாயார் கோயில் பக்கம் பூக் கட்டி விற்கிறவள். பெருக்கல் வகுத்தலெல்லாம் பெண்ணுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாக்கியமாக எழுதிய கணக்கைக் கண்டால் மட்டும் முகம் சுண்டிவிடும்.

"தாத்தா, இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா? அதை மட்டும் சொல்லிடுங்க, மிச்சத்தை நான் போட்டுர்றேன்" என்பாள். அந்த 'மட்டும்' என்பதில்தான் சிரமமெல்லாம் இருக்கிறது.

தகப்பன் வயது மகன் வயதைப்போல் மூன்று மடங்கு; 12 வருஷம் கழித்து இரண்டு மடங்கு; மகனுக்கு இப்போது என்ன வயது? கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இம்மாதிரிக் கணக்குகளிடம் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. இரண்டே வரியில் ஒரு குடும்பம்! மகன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

"இதிலே என்ன காணாமல் போயிருக்கு?" என்று கேட்டேன். பொருள் தொலைந்தால் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொள்கிற ஊர் இது. அவளுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது.

"மகன் வயசு."

அதற்கு எக்ஸ் என்று பேர் வைத்தோம். தகப்பன் வயது 3 எக்ஸ். 12 வருஷம் இருவருக்கும்தான் ஏறும். தகப்பனுக்கு ஏற்றிவிட்டு மகனை மறந்துவிடுகிற பிள்ளைகள் அநேகம். 3 எக்ஸும் 12-ம் ஒரு பக்கம். எக்ஸும் 12-ம் சேர்ந்ததன் இருமடங்கு, அதாவது 2 எக்ஸும் 24-ம், மறுபக்கம். இரண்டு பக்கமும் 2 எக்ஸையும் 12-ஐயும் எடுத்துவிட்டால் எக்ஸ் 12. தகப்பனுக்கு 36. 12 வருஷம் போனால் 24, 48. "சரியா வருது தாத்தா!"

ஒரு நாள் அவள் கொண்டுவந்த கணக்கு புத்தகத்தில் இல்லாதது. தாயார் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் வாங்கியிருந்தாள். பிடித்தம் போகக் கையில் வந்தது 8,500. தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும்.

"நூத்துக்குப் பதினஞ்சு வட்டின்னு அம்மா சொல்லுது. அப்படித்தானா தாத்தா?"

என்ன காணோம் என்று அவளே யோசித்தாள். வருஷ வட்டி. முதல் நாள் கடன் 8,500. நாளுக்கு நாள் குறைந்து நூறாம் நாள் ஒன்றுமில்லை. ஆகச் சராசரியாகத் தாயார் கையில் இருந்தது பாதி, 4,250. அதற்கு 100 நாளைக்கு 1,500 வட்டி என்றால் ஒரு நாளைக்கு 15; வருஷத்துக்கு 5,475. அப்படியானால் 100-க்கு? பென்சில் சற்று நின்றது. ஏறக்குறைய 129.

கூட்டுவதா பெருக்குவதா என்று அன்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் தாயாரும் கூட வந்தாள். "படிச்சவங்க கணக்கு அப்படித்தான் வருமுங்கய்யா. விடியக்காலையிலே பூ எடுக்க யாரு பணம் தருவா?" என்றாள். நியாயமான கேள்வி. பாங்கு திறக்கிற நேரத்துக்கு அவள் பாதிப் பூவை விற்று முடித்திருப்பாள்.

மகளிர் குழுவில் சேர்ந்தால் என்ன என்று பேச்சு வந்தது. வருஷத்துக்கு 12 வட்டி என்று வைத்துக்கொண்டு, அதே 8,500-ஐ அதே 100 நாளில் தினம் கொஞ்சமாகக் கட்டினால் என்ன ஆகும் என்று பெண் போட்டுப் பார்த்தாள். 4,250-க்கு வருஷத்துக்கு 510. நூறு நாளைக்கு 140-ஐத் தொடவில்லை.

"நூத்திநாப்பதா?" தாயார் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். "இன்னொரு தரம் போடு பாப்போம்."