மாசி மகமும் ஒரு கை எள்ளுத் தண்ணீரும்

மாசி மகம் நெருங்குகிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று நமக்கு உள்ளூர் விடுமுறை. வைத்திக்குப்பம் கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது. ஆனாலும் இவ்வளவு கூட்டமும் எதற்காக என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலர் "சாமி குளிக்க வருது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு மேல் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த ஆண்டு எனக்குச் சொந்தமான ஒரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மகம் நட்சத்திரம் மாதந்தோறும் வருவதுதான். சந்திரன் 27 நாளில் எல்லா நட்சத்திரங்களையும் ஒரு சுற்று சுற்றிவிடுகிறான். ஆனால் மாசியில் சூரியன் கும்ப ராசியில் இருக்கிறான். அதற்கு நேர் எதிர் ராசி சிம்மம். மகம் சிம்மத்தில் இருக்கிறது. ஆகவே மாசியில்தான் மகத்தை நெருங்கும் சந்திரன் முழு நிலவாக இருக்கிறான். சில ஆண்டுகளில் பௌர்ணமி ஒரு நாள் முன்னே பின்னே போகும். 12 ஆண்டுக்கு ஒருமுறை குருவும் சிம்மத்துக்கு வந்தால் அது கும்பகோணத்தில் மகாமகம். கடைசியாக 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல்.

பஞ்சாங்கம் பார்க்கும் பெரியவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு அதிதேவதை உண்டு. மகத்துக்கு உரியவர்கள் பிதுர்கள், அதாவது நம் முன்னோர்கள். அதனால்தான் அன்று காலையில் சாமி வருவதற்கு முன்பே கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட ஜனங்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். வில்லியனூர் பக்கத்துத் திருக்காஞ்சியில் சங்கராபரணி ஆற்றங்கரையிலும் இதே காட்சிதான். காசியை விட வீசம் பெரியது திருக்காஞ்சி என்பது நம் ஊர்ப் பேச்சு.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அங்கே சந்திரன் பெண்பால், 'லா லூன்'. வீட்டுக்கு வந்தால் சந்திரன் ஆண். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில், ஊரில் நடக்கும் ஒரு திருவிழாவைப் பற்றிப் பிரெஞ்சில் கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். நான் மாசி மகத்தை எடுத்துக்கொண்டேன். தீர்த்தவாரி என்பதற்கு வேறு சொல் தெரியாமல் குளியல் என்ற பொருளில் 'லெ பேன்' என்று எழுதினேன். வீட்டில் அதை உரக்கப் படித்தபோது ஆயா திடுக்கிட்டுப்போய், "சாமிக்கு ஏதுடா பேனு?" என்று கேட்டார். அப்பா சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

ஆயா கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் வைத்திக்குப்பத்துக்குப் போவேன். பின்பனிக் காலம். காலையில் மணல் சில்லென்று இருக்கும். மயிலம் முருகன் 30 கிலோமீட்டருக்கு மேல் வருவார். தீவனூர் பொய்யாமொழி விநாயகர் வருவார். செஞ்சியிலிருந்து ரங்கநாதர் 60 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி வருவார். நம் மணக்குள விநாயகருக்கோ பக்கத்துத் தெருதான். எல்லோரும் கடலைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். கடலில் முழுக்காட்டுவது உற்சவரை அல்ல. சிவன் கோயில்களில் அஸ்திரதேவரையும், பெருமாள் கோயில்களில் சக்கரத்தாழ்வாரையும் கொண்டுபோய் மூழ்கவைப்பார்கள். உற்சவர் கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏன் ஆயா, சாமி இவ்வளவு தூரம் வருது?" என்று கேட்டால், "வருஷம் பூரா நாம போய்ப் பாக்குறோம். ஒரு நாளாவது அவரு வந்து பாக்க வேணாமா? சொந்தக்காரங்கன்னா அப்படித்தான்" என்பார். அதைப் பாட்டி சொல்லும் சமாதானமாகவே நெடுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன். அரசாங்க வேலையில் காரைக்காலுக்கு மாற்றலாகிச் சில ஆண்டுகள் இருந்தபோதுதான் அந்தப் பேச்சின் ஆழம் தெரிந்தது.

திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எழுந்தருள்கிறார். அவருடைய நாச்சியார்களில் பத்மினி நாச்சியார் மீனவர் குலத்துப் பெண். ஆகவே பட்டினச்சேரி மீனவ மக்களுக்கு அவர் பெருமாள் மட்டுமல்ல, வீட்டு மாப்பிள்ளை. "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று குரல் கொடுத்துக்கொண்டு அவர்கள் பல்லக்கைத் தோளில் வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பயபக்தி என்பதை விட, ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்துவிட்டார் என்ற உரிமைதான் அந்தக் குரலில் இருக்கும்.

திருவண்ணாமலையில் இதற்கும் மேலே. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் 14-ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் உயிரிழந்தவன். அவனுக்குப் பிள்ளை இல்லை என்றும், அண்ணாமலையாரே பிள்ளையாக இருந்து கடன் செய்வதாக வாக்குக் கொடுத்தார் என்றும் கோயில் வரலாறு. தைப்பூசத்தன்று தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது மன்னன் மாண்ட செய்தி வருகிறது. சுவாமி மேளதாளம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். பிறகு மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் கௌதம நதிக்கரைக்குப் போய் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. தந்தையும் தாயும் இல்லாதவர் என்று பாடப்படுகிற சிவன், தனக்கென்று ஒரு தந்தையை வைத்துக்கொண்டு எள்ளுத் தண்ணீர் விடுகிறார்.

ஆக, ஓரிடத்தில் விருந்தாளி, ஓரிடத்தில் மாப்பிள்ளை, ஓரிடத்தில் பிள்ளை. மாசி மகம் என்பது சாமி நமக்கு உறவாகிற நாள் என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அந்த உறவும் பிறப்பால் வந்ததல்ல, ஏற்றுக்கொண்டதால் வந்தது.

இனி என் காரணம். எங்களுக்கு ஒரே பெண். அவள் பிரெஞ்சு நேஷனாலிட்டி குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டுப் பாரிஸ் பக்கம் இருக்கிறாள். என் மனைவி போய் மூன்று ஆண்டு ஆகிறது. ஆண் பிள்ளை இல்லாததால் அவளுக்குத் திதியும் தர்ப்பணமும் நான்தான் கொடுத்து வருகிறேன். ஒரு நாள் போனில் மகள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு அப்புறம் அம்மாவுக்கு யார் கொடுப்பாங்க?" எனக்கு யார் கொடுப்பார்கள் என்று அவள் கேட்கவில்லை. அந்த நாகரிகம் அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

விசாரித்தபோது சொந்தக்காரர்களில் சிலர், பங்காளி வீட்டுப் பையன் யாரையாவது ஏற்பாடு செய்துகொள் என்றார்கள். பெண் கொடுக்கக் கூடாது என்றார்கள். நான் சண்டை போடவில்லை. ஒன்று மட்டும் யோசித்தேன். தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தாவோடு அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயரையும் சொல்கிறோம். வாங்கிக்கொள்கிற வரிசையில் பெண்கள் இருக்கிறார்கள். கொடுக்கிற கையில் மட்டும் ஏன் கூடாது? பிள்ளையே இல்லாத மன்னனுக்குச் சாமி பிள்ளையாகலாம் என்றால், பெற்ற பெண் பெற்றவளுக்கு அந்நியமாகிவிடுவாளா?

போன ஆண்டு அங்கே குளிர்கால விடுமுறைக்கு விட்டபோது மகள் வந்தாள். விடியற்காலையில் இருவரும் வைத்திக்குப்பம் போனோம். ஐயரிடம் விஷயத்தைச் சொன்னேன். வயதானவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சங்கல்பம் நீங்க பண்ணுங்கோ. தண்ணிய கொழந்தை விடட்டும்" என்றார். என் கையில் எள், அவள் கையில் செம்பு. அம்மா பெயர் வந்தபோது அவள் கை நடுங்கி, தண்ணீர் பாதி என் வேட்டியில் ஊற்றியது. ஐயர், "பரவால்லை, சேர வேண்டியது சேர்ந்துடும்" என்றார்.

சாயங்காலம் கடலிலிருந்து நிலா எழுந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைக் காட்டி, அதுதான் மகம், பிரெஞ்சில் ரெகுலுஸ் என்று சொன்னேன். பாரிசிலும் இது தெரியுமா என்றாள். மேகம் இல்லாவிட்டால் தெரியும், மேகம் இருந்தால் பஞ்சாங்கம் பார்த்து நான் போன் செய்கிறேன் என்றேன். இப்போது அவளுக்காக ஒரு பழைய டைரியில் மூன்று தலைமுறைப் பெயர்களையும், சொல்ல வேண்டிய வார்த்தைகளையும் பெரிய எழுத்தில் எழுதி வருகிறேன். தமிழ் எழுத்தை அவள் கொஞ்சம் தடுமாறித்தான் படிப்பாள். அதனால் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்திலும் எழுதுகிறேன். அந்தக் காலத்துப் பள்ளிப் படிப்பு இந்த வயதில் இதற்கு உதவுகிறது.

உங்களில் பலருக்கும் பிள்ளைகள் கடல் தாண்டித்தான் இருப்பார்கள். மகனோ மகளோ, முன்னோர் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நமக்குத் தெரிந்த பெயர்கள் நம்மோடு போய்விட்டால், பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உடம்பு இடம் கொடுத்தால், மகத்தன்று வைத்திக்குப்பத்தில் சந்திப்போம்.