உறைந்த கணினியும் மூன்று விசைகளும்

விழுப்புரத்தினின்றும் திண்டிவனத்தினின்றும் வந்து பயிலும் நாம் ஆய்வுக் கட்டுரைகளைக் கணினியிலேயே எழுதுகின்றோம். லினக்ஸ் கணினி உறைந்து நின்றவழி மின்கம்பியைப் பிடுங்குதல் நம்மவர் வழக்கம். கர்னல் உயிரோடிருப்பின் அது வேண்டுவதன்று. ஆல்ட், சிஸ்ரிக்யூ விசைகளை அழுத்தியவாறே எஸ், யு, பி என்னும் எழுத்துக்களை இடைவிட்டு முறையே அழுத்தின், நினைவகத்தில் தங்கியவை வட்டிற் சேரும், வட்டு எழுதவொண்ணாததாகும், பின்னரே கணினி மீளத் தொடங்கும். சேமியாத வரிகள் போயினவே. சேமித்த ஏடுகள் பெரும்பாலும் பிழைக்கும்.

பிறர் கை படுமென்று அஞ்சி இவ்விசைகளை 0 என்னும் எண்ணால் முற்றும் அடைப்பாருமுளர். கெடுக்க நினைப்பானுக்கு மின்கம்பி கைக்கெட்டுந் தொலைவிலன்றோ உள்ளது? மூன்றற்கும் உரிய 16, 32, 128 என்பவற்றின் தொகையாகிய 176-ஐ நம் நூல்நிலையக் கணினிகளில் இடுமாறு வேண்டுகின்றோம். தேர்வு மாதத்திற்கு முன்னரே இடின் நலம்.