வறண்ட கிணறு

வாயால் சொல்லும் செபத்திற்குச் சொற்கள் துணை நிற்கின்றன. உள்ளத்தால் செய்யும் செபத்திற்கோ அத்துணையும் இல்லை. இறைவன் திருமுன் வாளா இருத்தல் என்று சொல்லிவிடுவது எளிது. அரை நாழிகை அவ்வாறு இருந்து பார்த்தவர்க்கே அதன் அருமை புலப்படும். கிறித்துவ உலகில் இவ்வகச் செபத்திற்கு ஆசானெனப் போற்றப்படுபவர், ஸ்பெயின் நாட்டு அவிலா நகரில் 1515ஆம் ஆண்டு பிறந்த தெரேசா அம்மையார். அவ்வாசானே ஒருகால் செபத்தைக் கைவிட்டவர் என்பதை அவரைப் புகழ்வோர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

1535இல் கார்மேல் சபைக் கன்னியர் மடம் புகுந்த அவரைக் கொடிய நோய் பற்றியது. அந்நாளில் தந்தையுடன் பிறந்தார் ஒருவர் கொடுத்த, ஒசூனா என்னும் துறவி எழுதிய நூலே அவருக்கு வழிகாட்டிற்று. 1539இல் நான்கு நாள் நினைவிழந்து கிடந்தார். மடத்தார் புதைகுழியும் தோண்டி வைத்தனராம். உயிர் மீண்டது. தாம் கற்றதைத் தந்தைக்கும் கற்பித்தார். மாணவரான தந்தை அதில் நன்கு ஊன்றிவிட்டார். ஆசிரியை நின்றுவிட்டார்!

மடத்திற்கு வருவாரோடு அளவளாவுவதில் அவர் மனம் தோய்ந்திருந்தது. இத்தகைய மனத்தோடு இறைவனைத் தனித்து அணுகுவது தகாது என எண்ணி, பொதுச் செபத்தோடு அமைந்தார். பார்வைக்கு இது பணிவு. பணிவின் வேடம் புனைந்து வந்த மயக்கமென்று பின்னாளில் அவரே கடிந்துரைத்தார். தம்மை இன்னும் அவ்வழியில் நிற்பவராகவே தந்தை நம்பியிருந்தது அவரை உறுத்தியது. செபத்தை விட்டுவிட்டதை அவரிடம் சொன்னார். ஆனால் காரணமாக நோயைக் காட்டினார். தந்தை நம்பினார், இரங்கினார். அதன்பின் மகளைக் காண வந்தால் சிறிது பேசிவிட்டு, பொழுது வீணாகிறதென எழுந்துவிடுவாராம். தாம் கற்பித்த பாடத்திற்காகத் தம்மையே விட்டு எழுந்து செல்லும் மாணவரைப் பார்த்துக்கொண்டிருப்பது ஓர் ஆசிரியர்க்கு எத்தகைய தண்டனை!

1543இல் தந்தை மறைந்தார். அவருடைய ஆன்மகுருவிடம் தெரேசா தம் நிலையைக் கூற, எக்காரணத்தாலும் செபத்தை விடலாகாது என அவர் அறிவுறுத்தினார். மீண்டும் தொடங்கினார், பின் விடவேயில்லை. ஆயினும் உடனே தேன் சுரந்துவிடவில்லை. செப நேரம் எப்போது முடியுமென்று கடிகார ஓசைக்கே பன்முறை செவிசாய்த்திருந்ததாக அவரே எழுதியுள்ளார். கடைசிப் பாட வேளையில் மணியோசைக்குக் காத்திருக்கும் மாணவரை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

1565ஆம் ஆண்டளவில் முடித்த தன்வரலாற்றில், செபத்தைத் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுவதோடு ஒப்பிடுகிறார். முதலில் கிணற்றிலிருந்து கையால் இறைக்க வேண்டும், அடுத்து நீர்ச்சக்கரம், பின்னர் ஆற்றுநீர், முடிவில் மழை. பலரும் மழையையே வியந்து பேசுவர். முதல் நிலையில் அவர் கூறுவதே நெஞ்சைத் தொடுவது: கிணறு வறண்டிருப்பினும் தோட்டக்காரன் வாளியை இறக்கத்தான் வேண்டும், தோட்டத்துக்கு உடையவன் நீரின்றியும் செடிகளைக் காப்பான். தம் கிணறு வறண்ட ஆண்டுகளை எண்ணித்தான் எழுதியிருப்பார் போலும்.

ஏறத்தாழ 1554இல், காயமுற்ற கிறித்துவின் உருவம் ஒன்றன்முன் அவர் உள்ளம் உருகியது. 1562இல் அவிலாவிலேயே புதிய மடம் கண்டார். பின்னர் அவர் வகுத்த மட விதிகளில் நாள்தோறும் இரண்டு மணிநேரம் அகச் செபத்திற்கு உரியது. காலைச் செபம் கோடையில் 5 மணி முதல் 6 மணிவரை. குளிர்காலத்தில் 6 முதல் 7 வரை.