பாட்டியின் பாட்டும் பியானோவும்

"பியானோ கத்துக்கணும்னா இங்கிலீஷ் பாட்டுத்தான் வாசிக்கணுமா டீச்சர்?"

ஓசூரில் என் வீட்டுக் கூடத்தில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து, தாய்மார்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். அடுத்தது, "பியானோ வாங்கியே ஆகணுமா?" என்பது. அதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி விடுகிறேன்: வேண்டாம். பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஆரம்பத்துக்கு 61 கட்டைகள் உள்ள கீபோர்டே தாராளம். உட்காரும் உயரம்தான் முக்கியம். முழங்கை, கட்டைகளின் மட்டத்துக்கு வரவேண்டும். கால் தொங்கினால் அடியில் ஒரு மணையைப் போடுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் ஊர் எல்லையோர ஊர். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். ஒரு வீட்டில் ஆராரோ என்றால் பக்கத்து வீட்டில் ஜோஜோ, எதிர் வீட்டில் லாலி. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து வந்தவர்கள் பலர். தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்துக் கிராமங்களை விட்டு வந்து குடியேறியவர்களும் பலர். அப்படி ஒரு தெலுங்குக் குடும்பத்துப் பெண், எட்டு வயது. வேறோர் இடத்தில் எட்டு மாதம் பரீட்சைப் புத்தகத்தையே வாசித்துவிட்டு என்னிடம் வந்தாள். வலது கை வாசிக்கும், இடது கை வாசிக்கும். இரண்டையும் சேர்க்கச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"அவங்கப்பா ஓவர்டைம் பார்த்துப் பணம் கட்டறார் டீச்சர். இன்னும் ஒரு மாசம் பாருங்க. வரலேன்னா நிறுத்திடறேன்" என்றாள் தாய்.

குழந்தையைக் கூட்டி வருவது அவளுடைய பாட்டி. அவ்வா என்று கூப்பிடுவாள். அவ்வா திண்ணையில் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக் கொண்டிருப்பார். ஒருநாள் இவள் எழுந்து போய், "அவ்வா, சும்மா இரு! எல்லாரும் சிரிக்கறாங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இவளுடைய தெலுங்கைக் கேட்டு யாரோ முன்பு சிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதிலிருந்து வீட்டிலும் தமிழில்தான் பேசுகிறாளாம். அவ்வா பதிலே பேசாமல் முந்தானையால் வாயை மூடிக் கொண்டார். வாசிப்பு வராததைவிட எனக்கு இதுதான் வருத்தமாக இருந்தது.

"அம்மா, அந்தப் பாட்டை உள்ளே வந்து பாடுங்களேன்" என்றேன்.

"அது கல்லுப் பாட்டும்மா. சங்கீதமில்லே."

ராகி அரைக்கும்போது பாடுகிற பாட்டு! வற்புறுத்திப் பாட வைத்தேன். மொத்தம் ஐந்தே ஸ்வரங்கள். கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் சேர்ந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். மூன்றில் முதல் கட்டையை ஸட்ஜமமாக வைத்துக் கறுப்பு ஐந்தையும் வரிசையாக வாசித்தால் அதுதான் மோகனம். அவ்வாவின் பாட்டு அதில் அப்படியே உட்கார்ந்து கொண்டது. கமகம் நிறைந்த உருப்படி பியானோவில் சிரமம். கட்டையில் ஸ்வரத்தை வளைக்க முடியாதே! நாட்டுப் பாடல்களில் பல நேர் ஸ்வரங்களில் போவதால் விரலுக்கு இணங்கி வருகின்றன.

இது என் கண்டுபிடிப்பில்லை. ஹங்கேரி நாட்டு இசை மேதை பேலா பார்டோக் 1904-ல், குழந்தைகளைப் பார்த்துக் கொண்ட லிடி டோஷா என்ற இளம்பெண் பாடியதைத் தற்செயலாகக் கேட்டார். ஒரு ஆயாவின் பாட்டு! அதில் பிடித்த ஆசையில், நண்பர் கோடாயைப் போலவே அவரும் ஒலிப்பதிவுக் கருவியுடன் கிராமம் கிராமமாக அலைந்து பாட்டுச் சேகரித்தார். 1908-ல், நாட்டுப் பாடல் மெட்டுகளை வைத்தே 'குழந்தைகளுக்காக' என்று பியானோ பாடங்கள் எழுதத் தொடங்கினார். முதல் பதிப்பில் 85 பாடங்கள். பிஞ்சு விரல் எட்டாத அகலம் எதிலும் வராது. கோடாயோ, நாட்டுப் பாடல்தான் குழந்தையின் இசைத் தாய்மொழி, முதலில் வாய் பாடட்டும், கருவி பிறகு என்றார். இன்று நம் சென்னையிலேயே பியானோக் கலைஞர் அனில் ஸ்ரீனிவாசன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசையோடு கதையையும் கலந்து சொல்லித் தருகிறார்.

கதை எதற்கு என்கிறீர்களா? இடது கைக்குத்தான்!

"கல்லுன்னா எது அவ்வா?" என்று கேட்டாள் குழந்தை. மிக்ஸியும் மாவு மில்லும் பார்த்து வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? விடியுமுன் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே முளைக்குச்சியைப் பிடித்துத் திரிகையைச் சுற்றுவதை அவ்வா கையாலேயே காட்டினார். ஒருத்தி இழுப்பாள், மற்றவள் தள்ளுவாள். "இதான் உன் இடது கை" என்றேன். ஸ, ப இரண்டே கட்டைகள், மாறி மாறி. கல் நிற்கக் கூடாது. பாட்டு அதன்மேல் போகும். மூன்றாம் வகுப்பில் இரண்டு கைகளும் சேர்ந்தன. உற்சாகத்தில் வேகம் பிடித்தாள்.

"இத்தனை வேகமாச் சுத்தினா மாவு கொரகொரன்னு விழும்டி!" என்றார் அவ்வா.

தாளம் தட்டும் கருவியை அன்றோடு எடுத்து வைத்துவிட்டேன். அவ்வாவே போதும்!

பரீட்சைப் புத்தகத்தை நான் ஒதுக்கவில்லை. ஸ்வரக் குறிப்பைப் படிக்க அது வேண்டும். கைகள் சேர்ந்த பிறகு அதையும் எடுத்தோம், அழாமல் வாசிக்கிறாள். இப்போது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாட்டியும் பேத்தியும் தெலுங்கில் சண்டை போடுவது கேட்கிறது.

உங்கள் வீட்டிலும் நாற்றுப் பாட்டோ, கும்மியோ, தாலாட்டோ தெரிந்த பெரியவர் இருப்பார். 'பாடுங்கள்' என்றால் வெட்கப்படுவார்கள். என்ன வேலை செய்யும்போது பாடுவீர்கள், எந்தக் கை அசையும் என்று கேளுங்கள். பாட்டு தானே வரும். செல்போனில் பதிவு செய்து, சொற்களை நோட்டில் எழுதி வையுங்கள்.

அவ்வாவுக்கு மூன்று அடிதான் ஞாபகம் இருக்கிறது. மீதி, தளிப் பக்கம் இருக்கும் அவருடைய அக்காவுக்குத் தெரியுமாம். எண்பதைத் தாண்டியவர். "அரைப் பரீட்சை லீவில் போறோம் டீச்சர்" என்றாள் குழந்தையின் தாய். லீவுவரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.