ஆயுள் முழுவதும் ஒரு மருந்து

பேராதனையிலிருந்து கலஹாவுக்கு ஏறிச் செல்லும் வீதியை அடுத்த தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியன். 2018 இல் எட்டாம் வகுப்பிலிருந்த மாணவி ஒருத்தியின் அழகிய கையெழுத்து, சில மாதங்களுக்குள் கோணிக் கோட்டை விட்டு இறங்கிற்று. பின் கை நடுங்கிற்று, பேச்சுக் குழறிற்று. செய்வினை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நகரத்துக் கண் வைத்தியர் அவளுடைய கருவிழியின் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒன்றைக் கண்டார். செய்வினைக்கு அன்று பெயர் கிடைத்தது: வில்சன் நோய்.

உணவோடு உடலில் சேரும் செம்பின் மிகுதியை ஈரல் பித்தத்தின் வழியே கழித்துவிடும். இந்நோயாளரின் ஈரலுக்குப் பிறவியிலேயே அவ்வாற்றல் குன்றியிருக்கிறது. செம்பு ஈரலிலும் மூளையிலும் படிகிறது. ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் தோன்றும். ஆகவே சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் நம் வழக்கம் இதற்கு இடந்தருகிறது. உடன்பிறந்தார் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாணவியின் தம்பிக்கும் சோதனை செய்தார்கள். குறிகள் தோன்றுமுன்பே நோய் பிடிபட்டது.

1912 இல் கின்னியர் வில்சன் இந்நோயை விவரித்தபோது மரணமே அதன் முடிவு. 1956 இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய வைத்தியர், பெனிசிலமைன் செம்பைப் பற்றி இழுத்துச் சிறுநீரில் கழிக்கும் என்று காட்டினார். தாமே விழுங்கிப் பார்த்த பின்னர்தான் நோயாளிக்குக் கொடுத்தார்.

ஆனால் அம்மருந்தை ஆயுள் முழுவதும் உண்ணவேண்டும். குணமாயிற்றென்று நிறுத்தியவர்கள் ஓரிரு ஆண்டுகளில் ஈரல் கெட்டு மாண்டதுண்டு. மருந்தே சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் தாக்கக்கூடும். எனவே காலந்தோறும் சோதனை வேண்டும். 24 மணி நேரச் சிறுநீரில் இறங்கும் செம்பு தொடக்கத்தில் மிகுந்திருக்கும். படிந்தது கரையக் கரையக் குறைந்து, 200 முதல் 500 மைக்ரோகிராமுக்குள் நிற்கவேண்டும்.

தாளில் எளிய கணக்குத்தான். ஆனால் ஞாயிறு காலையிலிருந்து திங்கள் காலை வரை ஒரு துளியும் சிந்தாமல் போத்தலில் சேர்க்கவேண்டும். லயத்தின் பொதுக் கழிப்பிடத்துக்குப் போத்தலோடு செல்லும் பெண்பிள்ளையின் கூச்சத்தை எந்த ஆய்வுக்கூடம் அளக்கும்? கிளினிக் நாளில் தாய்க்குச் செக்ரோலில் பேர் விழாது. அன்றைய சம்பளம் போயிற்று. கிளினிக் கொப்பியில் இருப்பது ஆங்கிலம். அங்கே பேச்சுச் சிங்களம். தாய் அறிந்ததோ தமிழ் ஒன்றே. குளிசையை வெறும் வயிற்றில் உண்ணவேண்டுமென்பதை அவள் எங்கள் பாடசாலையில்தான் தெரிந்துகொண்டாள்.

இத்தனைக்குமிடையே இரண்டாண்டுகளில் வளையம் மங்கிற்று; எழுத்தும் கோட்டுக்குத் திரும்பிற்று. அப்போதுதான் 2022 வந்தது. அந்நியச் செலாவணி வற்றிய அந்த மார்ச்சில், பேராதனைப் போதனா வைத்தியசாலையில் நாள் குறித்திருந்த சத்திர சிகிச்சைகளே மருந்தின்றி நிறுத்தப்பட்டன. 30,000 பேரில் ஒருவருக்கான குளிசையை யார் நினைப்பார்? தந்தை கண்டி நகரின் மருந்துக்கடைகளெல்லாம் ஏறி இறங்கினார். தாயின் தோட்டை அடகு வைத்து இரண்டு வார மருந்து வாங்கினார்கள்.

பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாயிருந்த சேனக பிபிலே, 1971 இல் தோன்றிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். வணிகப் பெயரை விட்டு மூலப்பெயரால் மொத்தமாக வாங்கினால் மருந்தின் விலை இறங்குமென்று செய்து காட்டினார். இலாபத்திடம் விட்டால் என்னாகும் என்பதை அமெரிக்கா காட்டிற்று: இதே நோய்க்கான டிரையன்டீன் என்ற மருந்தின் 100 குளிசைகள், சில நூறு டாலரிலிருந்து 2015 இல் 21,000 டாலருக்கும் மேலே சென்றன.

மருந்தைக் கண்டுபிடிக்க ஒரு விஞ்ஞானி போதும். அதை ஒரு பிள்ளைக்கு ஐம்பது, அறுபது ஆண்டுகள் தவறாமல் கொடுக்க ஒரு சமுதாயமே வேண்டும். கிளினிக் நாளுக்குச் சம்பளம், தாய் படிக்கத் தமிழில் ஒரு கொப்பி, அரிய நோய்களுக்கும் களஞ்சியத்தில் ஓராண்டு இருப்பு: இம்மூன்றையும் தொழிற்சங்கக் கோரிக்கைகளோடு சேர்த்தெழுதும் கடமை ஆசிரியர்களாகிய நமக்கும் உண்டு.