அப்பாவின் தொட்டிக்கு மணல் வேண்டுமா?

சிராங்கூன் நார்த் அவென்யூ 1இல் புளோக் 151 பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருக்கிறீர்களா? கீழ்த்தளக் கடைகளில் மீன் தொட்டிகள் தலைக்கு மேல்வரை அடுக்கியிருக்கும். காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் மீன்களைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். தரை எப்போதும் ஈரம். பம்புகளின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டும்.

சென்ற மாதம் அப்பாவும் நானும் அங்கே போனோம். வாங்க வேண்டியது ஒரே ஒரு பொருள்: மணல். வாங்குவதா, வேண்டாமா என்பதுதான் முடிவாகவில்லை. எங்கள் வீட்டில் பல மாதமாக யாரும் வாய்விட்டுப் பேசாத வழக்கு அது. குற்றவாளி நான்.

நான் செய்த சுத்தம்

அப்பாவுக்கு வயது 69. அங் மோ கியோ வீட்டு வரவேற்பறையில் மூன்றடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். ஏறக்குறைய 180 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் அவருடைய செல்லங்கள் கோரிடோரஸ் மீன்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த குட்டிக் கெளுத்தி இனம், விரல் நீளம்கூட இருக்காது. மீசையை மணலுக்குள் விட்டு நாள் முழுவதும் துழாவிக்கொண்டே இருக்கும். கூட்டமாக வாழும் மீன் என்பதால் பன்னிரண்டு வாங்கி விட்டிருந்தார்.

சென்ற ஆண்டு இறுதியில் அவருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அவர் மருத்துவமனையில் இருந்த நாள்களில் தொட்டி என் பொறுப்பு. நான் வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவள். விடியுமுன் எழுந்து, நிகழ்ச்சி முடிந்து பதினொரு மணிக்கு வீடு திரும்பினால் தொட்டியின் மணல் முழுக்கப் பழுப்பாகத் தெரிந்தது. அப்பா வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். மணல் முழுவதையும் வாரிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகப் பிழிந்து அலசினேன். கண்ணாடித் தரையில் ஒரு தூசி இல்லை. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கியது. ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அப்பா ஊன்றுகோலுடன் வீட்டுக்குள் வந்தபோது ஏழு மீன்கள் இல்லை. தொட்டி முன்னால் நின்று எண்ணினார். “பரவால்லம்மா, நல்லதுக்குத்தானே செஞ்ச” என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என்ன தவறு செய்தேன் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். ஓரளவு நைட்ரேட்டை மீன்கள் தாங்கும். வாராவாரம் தண்ணீர் மாற்றினால் அது குறைந்துவிடும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும்தான் குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மணலை வீசியதோடு நான் நின்றிருந்தால்கூட மீன்கள் தப்பியிருக்கலாம். ஆனால் சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கத்துக்காகக் குளோரமின் சேர்த்திருப்பார்கள். அந்தத் தண்ணீரில் பஞ்சையும் அலசியதால் மிச்சமிருந்த பாக்டீரியாவையும் ஒழித்துவிட்டேன்.

அன்றிலிருந்து தொட்டியில் வெறும் கண்ணாடித் தரைதான். மிஞ்சிய ஐந்து மீன்களும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டன. “இப்படியே இருக்கட்டும், உனக்கும் வேலை கம்மி” என்றார் அப்பா. அவரால் இப்போது முட்டி மடக்கி உட்காரவோ வாளி தூக்கவோ முடியாது.

கடை வேறு, வீடு வேறு

கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, விற்பனைத் தொட்டிகள் எதிலும் மணல் இல்லை என்பதுதான். “பாருங்கப்பா, கடைக்காரரே போடல” என்றேன். வழக்கில் எனக்குச் சாதகமாக ஒரு சாட்சி கிடைத்த மகிழ்ச்சி.

கடைக்காரர் ஒரு சீன அங்கிள். அப்பாவும் அவரும் பசார் மலாயில் பேசிக்கொண்டார்கள். மணல் போடாததற்கு அவர் அடுக்கிய காரணங்கள் எல்லாம் நியாயமானவை. கழிவு விழுந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். மிச்ச உணவு கல் இடுக்கில் போய் அழுகாது. புதிதாக வந்த மீனுக்கு நோய் இருந்தால் மருந்து போடுவது, பிறகு தொட்டியைக் கழுவுவது எல்லாம் சுலபம். டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் பலர் வீட்டிலும் இப்படித்தான் வைப்பார்களாம். அவற்றுக்குத் தீனி அதிகம், தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். அரோவானாவோ மேல்மட்டத்திலேயே நீந்தும் மீன். தரையில் என்ன இருக்கிறது என்று அது கவலைப்படாது.

“ஆனா இது ஹோட்டல்” என்றார் அங்கிள். “மீன் வரும், ஒரு வாரம் தங்கும், போகும். உங்க வீட்ல எத்தனை வருஷம் இருக்கப்போகுது?”

கோரிடோரஸ் போன்ற தரைவாழ் மீனுக்கு மணல் துழாவுவதுதான் வேலை, அதுதான் பொழுதுபோக்கு. வெறும் கண்ணாடியில் கீழிருந்து வரும் பிரதிபலிப்பே சில மீன்களை மிரள வைக்கும் என்றார். அதற்காக எந்த மணலும் ஆகாது. கூர்மையான கல் மீசையைத் தேய்த்துவிடும். பவளத்தூள் மணல் தண்ணீரின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்கு அது சரி, இவற்றுக்குக் கூடாது. நைசான மணலைக்கூட ரொம்பத் தடிமனாகப் போட்டால் அடியில் காற்றுப் போகாமல் கெட்டுவிடும்.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். “யார் கழுவப்போறது?”

அப்பா பதில் சொல்லவில்லை. “கொஞ்சம் நடந்துட்டு வரலாம்மா” என்றார். தினமும் நடக்க வேண்டும் என்று அவருக்கு மருத்துவர் உத்தரவு. மணல் வாங்காமலே பேருந்து ஏறி பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போனோம்.

அடித்தளம் மாறிய ஆறு

இப்போது அந்தப் பூங்காவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு கால்வாய் இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். என் சிறுவயதில் காலாங் ஆறு பூங்கா ஓரமாக நேர்க்கோட்டில் ஓடும் கான்கிரீட் கால்வாய். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் தண்ணீர். மீன் பிடிக்க வேண்டுமென்றால் புளோக்குக்குக் கீழே உள்ள சின்ன லோங்காங்தான். அப்பா கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறை வடிகட்டியால் கப்பி மீன் பிடித்துத் தருவார். அம்மா அந்த வடிகட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்.

2.7 கிலோமீட்டர் நீளமிருந்த அந்தக் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் புதிய பூங்கா திறக்கப்பட்டது. கரை சரியாமல் இருக்கக் கல்லையும் செடிகளின் வேரையும் பயன்படுத்தினார்கள்.

அதற்காகக் கான்கிரீட் போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. வெள்ளத்தில் தத்தளித்த ஊர் இது. மழைநீரை வேகமாகக் கடலுக்குத் தள்ளுவதற்கு வழவழப்பான, நேரான கால்வாய் தேவைப்பட்டது. அது தன் வேலையைச் செய்தது. கடைக்காரரின் மணலில்லாத் தொட்டி மாதிரிதான்.

பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். தெளிந்த இடத்தில் கல்லும் மணலும் தெரிந்தன. சின்ன மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே இடத்தில் நின்றன. சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக் கொக்கு அவற்றைக் கவனித்துக்கொண்டிருந்தது. நீர்நாய் வருமா என்று அப்பா பத்து நிமிடம் காத்திருந்தார். வரவில்லை.

பக்கத்தில் ஓர் எச்சரிக்கைப் பலகை. மழையில் நீர்மட்டம் ஏறினால் அபாயச் சங்கு ஒலிக்கும், எல்லாரும் மேட்டுக்குப் போய்விட வேண்டும். இந்த ஆறு வெள்ளத்தில் அகலமாகப் பரவும். அதற்காகவே கரையோரப் புல்வெளியைச் சரிவாக விட்டிருக்கிறார்கள். அப்பா அந்தப் பலகையை முழுதாகப் படித்தார்.

“கல்லும் மண்ணும் கொட்டிட்டா மட்டும் ஆறு ஆயிடாதும்மா. எடம் விடணும், பாத்துக்க ஆள் வேணும்.”

“தொட்டிய நான் பாத்துக்குறேன்பா.”

“போன தடவ மாதிரியா?”

எனக்குப் பேச்சு வரவில்லை. மைக்கில் மூன்று விநாடி அமைதி விழுந்தாலே பதறுபவள் நான். நிமிர்ந்து பார்த்தால் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அந்த ஏழு மீன்களைப் பற்றி நாங்கள் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான். “மன்னிச்சிடுங்கப்பா” என்றேன். “வா, கடை மூடுறதுக்குள்ள போவோம்” என்றார்.

கேக் தட்டில் மணல்

அங்கிள் எங்களைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தொட்டி முழுக்க மணல் வேண்டாம், ஒரு தட்டில் போடுங்கள் என்றார். இரண்டு விரற்கடை உயரத்துக்கு நைசான மணல் போதும். மற்ற இடம் வெறும் கண்ணாடியாகவே இருக்கட்டும். கழிவை உறிஞ்சுவது சுலபம், தட்டையும் தேவைப்பட்டால் வெளியே எடுத்து அலசலாம். இரண்டு கிலோ மணல் வாங்கினோம்.

தட்டுக்கு அம்மாவின் கேக் சுடும் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டோம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வடிகட்டிக் கதையையும் சேர்த்து எடுத்துவிட்டார்.

முதல் நாள் மீன்கள் கிட்டவே வரவில்லை. மறுநாள் மாலை ஒன்று தட்டின் ஓரத்தில் ஏறியது. மீசையை உள்ளே விட்டது. வாயில் அள்ளிய மணல் செவுள் வழியாகப் புகைபோல் வெளியேறியது. அப்பா என்னைக் கூப்பிட்ட குரலைக் கேட்டு அம்மாவும் சமையலறையிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

சனிக்கிழமைதோறும் தண்ணீர் மாற்றுவது இப்போது என் வேலை. மூன்றில் ஒரு பங்குதான் மாற்றுகிறேன். புதுத் தண்ணீரில் குளோரமினைப் போக்கும் மருந்தை மறக்காமல் கலக்கிறேன். ஃபில்டர் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் மட்டுமே லேசாக அலசுகிறேன். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, “போதும், போதும், ரொம்ப சுத்தம் பண்ணாத” என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஐந்து மீன் கூட்டத்துக்குப் போதாது, அடுத்த மாதம் இன்னும் மூன்று வாங்க வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

போக விரும்புவோருக்கு: பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு அனுமதி இலவசம். பீஷான் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மழை மேகம் கூடினால் ஆற்றோரம் இறங்க வேண்டாம். வீட்டு மீனை வளர்க்க முடியாமல் போனால் ஆற்றிலோ நீர்த்தேக்கத்திலோ விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அங்குள்ள மீன்களுக்கும் கேடு. வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.