அதிபத்தர் விட்ட மீன்

திருவாரூரில் பிறந்து வளர்ந்தவன் நான். நாகப்பட்டினம் எங்களூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவுதான். வங்கி அதிகாரியாகப் பலமுறை அங்கே சென்றிருக்கிறேன். கணக்குகளைப் பார்த்துவிட்டுக் காரிலேயே திரும்பிவிடுவேன். அதிபத்த நாயனார் வாழ்ந்த கடற்கரையில் கால் பதித்ததே இல்லை. அக்குறை தீரச் சென்ற வைகாசியில் ஒரு நாள், காலையில் அரசுப் பேருந்தில் ஏறினேன்.

வழியில் கீழ்வேளூர்க் கேடிலியப்பரையும் சிக்கல் சிங்காரவேலரையும் இருக்கையிலிருந்தபடியே கைகூப்பிக்கொண்டேன். நாகையில் இறங்கி, காயாரோகணேசுவரரையும் நீலாயதாட்சி அம்மையையும் தரிசித்தேன். எங்களூர்த் தியாகேசர் ஆடுவது அசபா நடனம். இங்குள்ள சுந்தரவிடங்கர் ஆடுவதோ கடலலை எழுந்து தாழ்வது போன்ற பாராவாரதரங்க நடனம். கடலோர ஊருக்கு எத்தனை பொருத்தம்!

பிறகு ஓர் ஆட்டோவில் மீனவர் குடியிருப்பான நம்பியார் நகருக்குச் சென்றேன். விசைப்படகுகள் கடலுக்குள் செல்லாத தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருகுவதற்காகக் கடலுக்கு விடப்படும் ஓய்வு. ஊரே அமைதியாக இருந்தது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டத்தின் கடல், ஒன்றும் அறியாதது போல் கரையை வருடிக்கொண்டிருந்தது.

நிழலில் அமர்ந்து வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், எனக்கும் உட்கார இடம் கொடுத்தார். அதிபத்தரைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவார் நாயனார். பல நாட்கள் ஒற்றை மீனே கிடைத்தது; குடும்பமே பட்டினி கிடந்தபோதும் அதையும் விட்டார். முடிவில், நவமணிகள் பதித்த தங்கமீன் ஒன்று கிடைத்தது. சுற்றத்தார் வியந்து நிற்க, அதையும் இறைவனுக்கே என்று விட்டார். சேக்கிழார் பாடிய வரலாறு. நம் வாசகர்கள் அறிந்ததே.

"பசியோட இருக்கிறப்போ ஒரு மீனை விட்டுடலாங்க ஐயா. தங்கத்தைக் கையில புடிச்ச பிறகு விடுறதுதான் கஷ்டம்" என்றார் முதியவர், வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவர் இயல்பாகத்தான் சொன்னார். எனக்கோ நெஞ்சில் முள் தைத்தது.

சென்ற ஆண்டு எங்கள் பூர்வீக வீட்டை விற்றேன். விற்கும் முன்பு, பாதித் தொகை தங்கைக்கு என்றுதான் எண்ணியிருந்தேன். எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்கு விலை கிடைத்தது. கும்பகோணத்திலிருந்து வந்த தங்கை, ஒரு வார்த்தையும் கேளாமல் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சென்றாள். தொகை பெருகியதும் என் மனம் சுருங்கியது. "பிறகு கொடுக்கலாம்" என்று முழுவதையும் என் பெயரிலேயே வைப்புநிதியில் போட்டேன். மாதந்தோறும் ஓய்வூதியத்திலிருந்து அன்னதானத்துக்குச் சிறு தொகை அனுப்பிவிட்டு, தர்மவான் என்று என்னையே மெச்சிக்கொண்டும் இருந்தேன். சிறுமீன்களைத்தான் விட்டுக்கொண்டிருந்தேன் என்பது அக்கரையில்தான் விளங்கிற்று.

திரும்பும் பேருந்திலிருந்தே தங்கையைத் தொலைபேசியில் அழைத்தேன். "தரிசனம் நல்லபடியா ஆச்சா அண்ணா? வெயில்ல ரொம்ப அலையாதீங்க" என்றாள். பணத்தைப் பற்றிப் பேச நா எழவில்லை. "உன் கணக்கு எண்ணை அனுப்பு அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வங்கி திறந்ததும் வைப்புநிதியை முறித்துப் பாதியை அவள் கணக்குக்கு மாற்றினேன். முதிர்வுக்கு முன்பே எடுத்ததால் வட்டியில் பிடித்தம் செய்தார்கள். அதை முழுவதும் என் பங்கிலேயே வைத்துக்கொண்டேன். காலம் தாழ்த்தியவன் நான்தானே!

ஆவணி ஆயில்யம் அதிபத்தரின் குருபூசை நாள். அன்று இறைவன் நாகைக் கடற்கரைக்கு எழுந்தருள, நாயனார் தங்கமீனை அர்ப்பணிக்கும் விழா நடைபெறும். இவ்வாண்டு தங்கையையும் அழைத்துக்கொண்டு, அதே பேருந்தில் செல்ல எண்ணியுள்ளேன். காயாரோகணேசுவரர் அருள் கூட்டுவிக்க வேண்டும்.